மன்னன் அனுப்பிய மருத்துவச்சி

முடி திருத்துகிற குடும்பத்துக்கு நம் நாட்டில் மருத்துவர் என்று பெயர். அந்த வீட்டுப் பெண்மணிக்கு மருத்துவச்சி என்று பெயர். அடைமழையானாலும் அமாவாசை இருட்டானாலும், பண்ணையார் வீட்டு மருமகளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டால் அவளுக்குத்தான் ஆள் ஓடும். தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைப்பது அவள் கை. வேலை முடிந்ததும் படி நெல்லும் பழம் புடவையும் கூலி. மறுநாள் அதே வீட்டுத் திண்ணையில் அவள் உட்கார்ந்துவிட முடியுமா? முடியாது! நம் பாட்டன்மார் காலம் வரையில் நடந்த நடப்பு இது.

இந்த வேடிக்கை நமக்கு மட்டுமே சொந்தம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! நாகரிகத்தின் நடுவீடு என்று மார்தட்டிய பாரிஸ் பட்டணத்திலும் கத்தி பிடித்து அறுவை செய்தவரும், கத்தி பிடித்து முகம் மழித்தவரும் 1743 வரையில் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவர்கள்தாம். அந்த ஆண்டில் அரசர் ஓர் ஆணை பிறப்பித்து இருவரையும் பிரித்தார். பிரிந்த மாத்திரத்தில் அறுவை மருத்துவர்களுக்குத் தலை நிமிர்ந்துவிட்டது. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவனைத் தள்ளி வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. பேறுகாலம் பார்க்கும் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் கடமை அவர்களுக்கு இருந்ததே, அதையும் கைகழுவினார்கள்.

அப்போது பாரிசில் முறையாகத் தேர்வு எழுதி, பட்டயம் வாங்கிய மருத்துவச்சிகளில் ஒருவர் ஆஞ்செலிக் மார்கரித் லெ பூர்சியே து கூத்ரே. பெயர் நீளம், நாம் கூத்ரே அம்மையார் என்றே சொல்லிக்கொள்வோம். 1712ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். பெற்ற தாய் தந்தையரைப் பற்றியோ, பிள்ளைப் பருவத்தைப் பற்றியோ அம்மையார் பெருமை பேசி எழுதி வைக்கவில்லை. தம் வேலையைப் பற்றித்தான் எழுதினார். மூத்த மருத்துவச்சி ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் கைவேலை பழகினார். 1740இல் அறுவை மருத்துவக் கழகத்தாரின் தேர்வில் தேறினார். பாரிசிலேயே தொழில் பார்த்தார்.

அறுவை மருத்துவர்கள் பாடம் நடத்த மறுத்தபோது பாரிஸ் மருத்துவச்சிகள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. நாற்பது பேர் 1745இல் ஒன்றுகூடி, கையெழுத்திட்டு, பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறைக்கு மனுக் கொடுத்தார்கள். தங்களுக்குக் கல்வி வேண்டும், அது மறுக்கப்படுகிறது, மறுத்தால் சாகப்போவது தாய்மார்கள் என்பது மனுவின் சாரம். அந்த நாற்பதில் கூத்ரே அம்மையாரும் ஒருவர். கூலி உயர்வு கேட்டுப் போட்ட மனு அல்ல. படிப்புக் கேட்டுப் போட்ட மனு. தொழிற்சங்கத்தில் பழகிய தோழர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்தச் சண்டை எதற்காக என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பிரசவம் பார்ப்பது காலங்காலமாகப் பெண்களின் வேலை. ஆனால் ஆயுதம் எடுக்கும் உரிமை ஆண்களுக்கு மட்டுமே. தலை சிக்கிக்கொண்ட பிள்ளையைப் பற்றி இழுக்கும் இடுக்கி ஒன்று உண்டல்லவா? அதன் கதையைக் கேளுங்கள். பிரஞ்சு நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறிய சேம்பர்லன் என்ற மருத்துவக் குடும்பம் அதைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர்கள் உலகுக்குச் சொன்னார்களா? இல்லை! நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்ப இரகசியமாகவே பூட்டி வைத்துக் காசு பண்ணினார்கள். அந்தக் குடும்பத்தார் வாழ்ந்த பழைய வீட்டில், தரைப்பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த இடுக்கிகள் 1813இல்தான் அகப்பட்டன. அந்த நூறு ஆண்டுகளில் எத்தனை தாய்மார் மாண்டிருப்பார்கள்! ஒருவன் தெரிந்துகொண்டதை ஒளித்து வைத்துப் பணக்காரன் ஆன காலம் அது. அந்தக் காலத்தில்தான் இந்த அம்மையார், தெரிந்ததையெல்லாம் தெருவுக்குத் தெரு சொல்லிக் கொடுக்கக் கிளம்பினார்.

கிளம்பியது 1751 வாக்கில். பாரிசை விட்டு ஓவேர்ஞ் என்ற மலைப்பாங்கான மாகாணத்துக்கு, தியேர் என்ற ஊருக்குப் போனார். கத்தி செய்யும் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. இன்றைக்கும் அந்தத் தொழிலுக்குப் பேர் போனது. அங்கே அவர் கண்ட காட்சிதான் அவரை உலுக்கியது. பட்டணத்தில் பட்டயம் வாங்கிய மருத்துவச்சி பக்கத்துத் தெருவில் இருப்பாள். பட்டிக்காட்டில் யார் இருக்கிறார்கள்? தானே நாலு பிள்ளை பெற்றிருக்கிறாள் என்ற ஒரே தகுதியோடு பக்கத்து வீட்டுக் கிழவி இருக்கிறாள். குற்றம் கிழவியுடையதல்ல. அவளுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பிள்ளை கையை வெளியே நீட்டிவிட்டால், அகப்பட்டதைப் பிடித்து இழுக்கத்தான் அவளுக்குத் தெரியும். கை பிய்ந்த குழந்தை, கழுத்து திருகிய குழந்தை, வாழ்நாள் முழுதும் ஊனமாகிப்போன குழந்தை. நஞ்சுக்கொடியை அவசரப்பட்டு இழுத்ததால் இரத்தம் கொட்டிச் செத்த தாய். பிழைத்தும் உள்ளே கிழிந்து, நடக்க மாட்டாமல் கிடந்த தாய். இவர்களையெல்லாம் அம்மையார் கண்ணால் கண்டார். அந்த நூற்றாண்டில் அந்த நாட்டில் பிறந்த நாலு குழந்தைகளில் ஒன்று முதல் ஆண்டு நிறைவைக் காணவில்லை. ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பத்து வயதைத் தாண்டவில்லை. பிரசவக் கோளாறு மட்டும் காரணமல்ல. பசியும் உண்டு, நோயும் உண்டு. ஆனால் கையால் கெட்டதைக் கையால் சரிப்படுத்தலாமே!

ஏழைப் பெண்களைக் கூட்டி வைத்து இலவசமாகப் பாடம் சொல்லத் தொடங்கினார். சொன்னால் விளங்கவில்லை. அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. புத்தகத்தைக் கொடுத்தால் அடுப்பெரிக்கத்தான் உதவும். வயிற்றுக்குள்ளே பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்பதை வாயால் சொல்லி எப்படி விளக்குவது? கண்ணுக்குக் காட்ட வேண்டும், கைக்குப் பழக்க வேண்டும். உயிருள்ள தாயின் மேல் பழக முடியுமா? அவள் என்ன, மரக்கட்டையா?

அப்போது அம்மையாருக்கு உதித்தது ஒரு யோசனை. துணி, தோல், பஞ்சு, நூல் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்பையும் அடிவயிற்றையும், முழு அளவில், தாமே தைத்தார். அதற்கு இயந்திரம் என்றே பெயர் வைத்தார். உள்ளே கருப்பை; அதனுள்ளே துணியால் செய்த குழந்தை; குழந்தைக்குத் தொப்புள்கொடியும் நஞ்சும்; இரட்டைப் பிள்ளை பேறு காட்டுவதற்கு இன்னொரு சோடிக் குழந்தை. வழி விரிவதையும் சுருங்குவதையும் காட்டக் கயிறும் வாரும். குழந்தையின் வாய் வெறும் தையல்கோடு அல்ல. விரல் உள்ளே போகும்படி ஆழமாகத் தைத்தது. ஏனென்றால், கால்மாடாக வரும் பிள்ளையின் தலை கடைசியில் சிக்கிக்கொண்டால், வாயில் விரலிட்டு முகவாயைத் தாழ்த்தித்தான் எடுக்க வேண்டும். அந்த நுணுக்கத்தைக்கூட அவர் ஊசி நூலில் எழுதி வைத்தார்! பின்னாளில் சில பொம்மைகளில் கடற்பஞ்சை நனைத்து வைத்து, பனிக்குட நீரும் இரத்தமும் உரிய நேரத்தில் வெளிப்படும்படியும் செய்தார்.

அவர் செய்தவை எத்தனையோ. முழுமையாகத் தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்று. ரூவான் நகரத்தின் மருத்துவ வரலாற்றுக் காட்சிசாலையில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. நம் காலத்தில் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். துணிக்குள்ளே இருந்தவை மரச்சட்டங்கள் அல்ல, உண்மையான ஒரு பெண்ணின் இடுப்பெலும்புகள். அளவு பிசகக்கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

பாரிசின் அறுவை மருத்துவக் கழகத்தார் 1758இல் இந்தப் பொம்மையைப் பார்த்து ஒப்புதல் தந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பாடம் சொல்ல மறுத்த அதே கூட்டத்தார்தாம்! அடுத்த ஆண்டு, 1759இல், அம்மையாரின் புத்தகம் வெளிவந்தது. சிறிய புத்தகம், எளிய நடை. பிறகு வந்த பதிப்பில் வண்ணப் படங்களும் சேர்ந்தன. எழுத்துத் தெரியாதவளுக்கும் படம் பேசும் அல்லவா?

அதே 1759இல்தான் பதினைந்தாம் லூயி மன்னன் அவருக்கு அதிகாரச் சீட்டு வழங்கினான். நாடு முழுவதும் சென்று பேறுகால மருத்துவம் கற்பிக்கலாம். எந்த ஊரிலும் எவரும் தடுக்கக்கூடாது. ஒரு பெண்ணுக்கு, அதுவும் மாளிகையில் பிறக்காத பெண்ணுக்கு, மன்னன் கையெழுத்து!

மன்னனுக்குத் திடீரென்று தாய்மார்மேல் அன்பு பொங்கிவிட்டதா? அதுதான் இல்லை. 1756இல் தொடங்கிய ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் கடல் கடந்து மோதிக்கொண்ட போர். அதன் ஒரு முனை நம் மண்ணில்தான் எரிந்தது. 1760இல் வந்தவாசியில் பிரஞ்சுப் படை தோற்றது, 1761இல் புதுச்சேரி விழுந்தது. போருக்குச் சிப்பாய் வேண்டும். நிலத்துக்கு உழவன் வேண்டும். வரி கட்டக் குடிமக்கள் வேண்டும். நாட்டில் மக்கள் தொகை குறைந்துகொண்டே போகிறது என்று அந்நாளைய அறிஞர்கள் அலறினார்கள். உண்மையில் குறையவில்லை, கூடிக்கொண்டிருந்தது என்று பின்னாளைய கணக்குகள் காட்டின. ஆனால் அச்சம் அரண்மனையைப் பிடித்துக்கொண்டது. பிறக்கிற பிள்ளைகள் செத்துப்போனால் பீரங்கிக்கு யாரை அனுப்புவது? மன்னன் போட்ட கணக்கு இதுதான். அம்மையாரும் சூட்சுமம் அறிந்தவர். கருணை பேசி மனுப் போடவில்லை, ஒவ்வொரு குழந்தையும் நாட்டுக்கு ஒரு சொத்து என்ற கணக்கைப் பேசித்தான் அதிகாரிகளை வளைத்தார். மன்னன் சிப்பாயை எண்ணினான். அம்மையார் பிள்ளையை எண்ணினார். செலவு மன்னன் கணக்கில், பலன் குடிசைக்கு. இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1760 தொடங்கி 1783 வரையில் அம்மையாருக்கு வீடு என்று ஒன்று இல்லை. வண்டியில் பொம்மைகளையும் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். முலான், லிமோழ், போர்தோ, நான்சி, கான், ரூவான் என்று நாற்பதுக்கு மேற்பட்ட நகரங்கள். இந்தக் காலத்து இரயிலும் தார்ச்சாலையும் இல்லை. சேறும் குழியும் நிறைந்த வண்டிப்பாதை. உடம்போ கனத்த உடம்பு. வயதோ ஐம்பது, அறுபது, எழுபது. போகும் ஊர் எல்லாம் மாலையோடு காத்திருக்கவும் இல்லை. செலவு யார் தலையில் என்று நகரசபைகள் முனகும். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று உள்ளூர் அறுவை மருத்துவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பாரிசிலிருந்து பெரிய மருத்துவர்கள் அவர் புத்தகத்தைக் கேலி செய்து எழுதினார்கள். அம்மையாரா சளைக்கிறவர்? மாகாண அதிகாரிகளுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, தங்க இடம், வகுப்புக்கு மண்டபம், மாணவிகளுக்குச் சாப்பாட்டுச் செலவு எல்லாவற்றையும் முன்கூட்டியே கறந்துவிடுவார். லிமோழில் அவரை வரவழைத்து ஆதரித்தவர் துர்கோ. பின்னாளில் நாட்டின் நிதியமைச்சரானவர்.

1767இல் மன்னன் அவருக்கு ஆண்டுக்கு 8000 லீவர் சம்பளமும், ஓய்வுக்குப்பின் 3000 லீவர் உதவித்தொகையும் விதித்தான். ஒரு படைத்தளபதி வாங்கிய சம்பளம் அது. கொல்லப் பழக்குகிறவனுக்கும் பிழைக்க வைக்கப் பழக்குகிறவருக்கும் ஒரே சம்பளம் என்பது உலக வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல.

வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாதம். ஊருக்கு ஒருத்தி என்று பாதிரியார்கள் பொறுக்கி அனுப்பிய நாட்டுப்புறப் பெண்கள் வருவார்கள். காலையும் மாலையும் பாடம். ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தி செய்வது என்பதில்லை. ஒவ்வொருத்தியும் தன் கையால் பொம்மையில் பழக வேண்டும்: தலை நேராக வந்தால் எப்படி, கால் வந்தால் எப்படி, கை வந்தால் உள்ளே தள்ளிப் பிள்ளையைத் திருப்பி எடுப்பது எப்படி, இரண்டு பிள்ளை என்றால் எந்தக் கால் எந்தப் பிள்ளையுடையது என்று தடவி அறிவது எப்படி. தவறினால் திரும்பவும் செய்ய வேண்டும். பஞ்சுப் பிள்ளைக்கு வலிக்காது. எத்தனை முறை தவறினாலும் சாகாது. அவசரப்படாதே, வலி தானாக முற்றட்டும், வராததை இழுக்காதே என்பது பாடங்களில் முதல் பாடம். அசைவற்றுப் பிறந்த குழந்தையைச் செத்தது என்று மூலையில் போட்டுவிடாதே, சூடு காட்டு, மூச்சு வருகிறதா என்று விடாமல் பார் என்பது இன்னொன்று.

இப்படி அவரிடம் நேரடியாகக் கற்றவர்கள் ஏறத்தாழ 4000 பெண்கள். அவர்களிடம் கற்றவர்கள் மேலும் 6000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். ஆண் மருத்துவர்கள் சுமார் 500 பேரும் அவரிடம் பாடம் கேட்டார்கள். ஆம், அந்த அறுவை மருத்துவர்கள்தாம்! தான் போனபின் பாடம் நின்றுவிடக்கூடாதே என்று, ஊர்தோறும் ஓர் அறுவை மருத்துவரைப் பழக்கி, பொம்மையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. பெண்ணுக்குக் கல்வி கேட்டு மனுவில் கையெழுத்திட்ட அதே கை, பெண்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை ஊர்தோறும் ஆண்களிடமே ஒப்படைத்தது. அன்றைய நிலையில் வேறு வழி இருந்திருக்காது. எழுத்துத் தெரிந்த பெண் ஊருக்கு ஒருத்திகூட இல்லாதபோது யாரை நம்பி விடுவது? இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பயிற்சி பெற்றவர்களுக்கு ஆதரவாக அதிகாரிகள் சட்டம் போட்டார்கள். பழைய கிழவிகள் பிரசவம் பார்க்கக்கூடாது என்று பல இடங்களில் தடை விதித்தார்கள். கிராமத்துத் தாய்மாரோ, பட்டயம் வாங்கி வந்த இருபது வயதுப் பெண்ணைவிட, தன்னையே பூமிக்குக் கொண்டுவந்த கிழவியைத்தான் நம்பினார்கள். இரவில் யாரும் அறியாமல் கிழவியையே அழைத்தார்கள். மனம் மாற ஒரு தலைமுறை ஆகும் என்பதை ஆணை போடுகிறவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மையாருக்கும் அன்றைய அறிவின் எல்லைதான் எல்லை. கையைக் கழுவாமல் தொட்டால் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுரம் கண்டு சாவு வரும் என்பது அவருக்கும் தெரியாது, அவரைக் கேலி செய்த பெரிய மருத்துவர்களுக்கும் தெரியாது. அதை வியன்னாவில் செம்மல்வைஸ் கண்டு சொன்னது 1847இல். அவர் கண்டது எப்படி? அந்த மருத்துவமனையில் மருத்துவச்சிகள் பார்த்த பகுதியில் சாவு குறைவு, மருத்துவ மாணவர்கள் பார்த்த பகுதியில் சாவு அதிகம். பிணம் அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்த்தவர்கள் மாணவர்கள்!

அம்மையார் தமக்கென்று பிள்ளை பெற்றவர் அல்லர். மார்கரித் என்ற பெண்ணைத் தம் உறவுப்பெண் என்று சொல்லி வளர்த்து, தொழில் பழக்கி, ஊர் ஊராக உடன் அழைத்துப் போனார். அந்தப் பெண் கூத்தான்சோ என்ற அறுவை மருத்துவரை மணந்துகொண்டார். போர்தோ நகரத்தில் ஏழைத் தாய்மாருக்கான பிரசவ விடுதியும் பயிற்சிப் பள்ளியும் அந்தத் தம்பதியின் பொறுப்பில் வந்தன. 1783இல் வண்டி ஓட்டம் முடிந்து அம்மையார் ஓய்வுபெற்றார். 1786இல் அரசு நாடெங்கும் மருத்துவச்சிகளைக் கணக்கெடுத்தபோது, பயிற்சி பெற்றவர்கள் என்று ஊர்ப் பாதிரியார்கள் குறித்து அனுப்பிய பெயர்களில் அம்மையாரின் வழியில் கற்றவர்கள் ஏராளம்.

1789இல் புரட்சி வெடித்தது. முடியாட்சியைச் சாய்த்து, பிறப்பால் உயர்ந்தவன் தாழ்ந்தவன் இல்லை என்று உலகுக்கு முழங்கிய புரட்சி. நாம் போற்றுகிற புரட்சி. ஆனால் அந்தப் பெரும் புயலில், மன்னன் கையெழுத்திட்ட தாள்கள் எல்லாம் சருகாகிப் பறந்தன. அவற்றோடு அம்மையாரின் உதவித்தொகையும் தடுமாறியது. வரவேண்டிய பணம் ஒழுங்காக வரவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் நாட்டைச் சுற்றிய மூதாட்டி, தாம் வாங்கவேண்டிய பாக்கிக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார். மன்னனின் ஆள் என்று ஒதுக்கினார்களா, மறந்தே போனார்களா என்று வாதாடிப் பயனில்லை. குடியரசு காத்த குழந்தைகளில் பலர் அவர் மாணவிகளின் கையில் பிறந்தவர்கள். அதை நினைக்க அன்று எவருக்கும் நேரமில்லை.

1794 ஏப்ரலில், போர்தோ நகரில், எண்பது வயதை ஒட்டிய நிலையில் அம்மையார் கண்மூடினார். கழுத்து வெட்டும் இயந்திரம் ஊர்ச் சதுக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த நாள்கள் அவை. சாவு ஊர்வலம் பெரிதாக ஒன்றும் இல்லை. மார்கரித் அம்மையார் போர்தோவிலேயே பள்ளியைத் தொடர்ந்து நடத்தினார். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள், துணிப் பொம்மையின் முன்னே வரிசையில் நின்று கை பழகினார்கள்.